குழாயில் எழுதாத நேரம்

சுகர் பரிசோதனை முகாம்களிலிருந்து எங்கள் லேபுக்கு ரத்தக் குழாய்கள் வந்தால் நான் முதலில் பார்ப்பது மூடியின் நிறத்தை. சாம்பல் நிற மூடி என்றால் உள்ளே சுகர் இறங்காமல் தடுக்கும் சோடியம் ஃப்ளோரைடும், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். சிவப்பு மூடி என்றால் சுகரைக் காப்பாற்ற அதில் எதுவும் கிடையாது. அப்புறம் குழாயின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்ப்பேன். பெயர், வயது, ஆணா பெண்ணா எல்லாம் இருக்கும். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. சுகர் பரிசோதனையில் எனக்கு முதலில் தெரிய வேண்டியதே அந்த நேரம்தான்.

உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. குழாயில் இருக்கும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சுகர் இறங்கும். சித்திரை வெயிலில் பைக்கின் பக்கப்பெட்டியில் வந்த ரத்தம் என்றால் இன்னும் வேகமாக இறங்கும். உண்மையில் 140 இருந்தவர் நாலு மணி நேரத்தில் 110 பக்கம் வந்துவிடுவார். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு. ஆக, நோயோடு இருக்கும் ஒருவர் கையில் நோய் இல்லை என்று தாள் கொடுத்து அனுப்புகிறோம். அவரும் நிம்மதியாகப் போய்விடுவார். அடுத்த பரிசோதனைக்கு எப்போது வருவார், காலில் புண் வந்த பிறகா, கண் மங்கிய பிறகா?

ஒருமுறை ஒரு முகாமின் ரத்தம் மதியத்துக்கு மேல் வந்தது, எல்லாம் சிவப்பு மூடி. ஓட்டிப் பார்த்தால் 54, 58, 61 என்று வரிசையாக வருகிறது. 54 என்றால் ஆளுக்குக் கை நடுங்கி வியர்த்திருக்க வேண்டும். இவர்களோ நடந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள். மெஷினைச் சரிபார்க்கக் காலையில் ஓட்டிய, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகள் இரண்டும் சார்ட்டில் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தன. முகாம் நடத்தியவரைக் கூப்பிட்டேன். "மேடம், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கும், பாருங்க" என்றார். மெஷினில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்து, எல்லோரையும் மறுபடி வரச் சொன்னோம். அதில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு முகாம் ரத்தத்தில் 102. மறுநாள் காலை எங்கள் லேபிலேயே எடுத்து உடனே அணுக்களிலிருந்து பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதியைப் பிரித்துப் பார்த்தபோது 148. 102-ஐ யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். 54 வந்ததால்தான் 102-ம் மாட்டியது.

சாம்பல் மூடி போட்டுவிட்டால் கவலையே இல்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஃப்ளோரைடு முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். குழாயை எட்டு பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் அடியில் இருக்கும் வெள்ளைத் தூள் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவசரத்தில் பலரும் விடுவது அதைத்தான்.

கவுன்டரில் நடப்பது வேறு கதை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். "ஐயா, எந்திரிச்சதிலிருந்து வாயில என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டால்தான் வரும்.

"ஒண்ணும் இல்லம்மா. காபி மட்டும். அதுவும் சர்க்கரை போடாதது."

"பால் ஊத்துனதா?"

"பால் இல்லாம எப்படிம்மா காபி?"

பாலிலும் சர்க்கரை உண்டு என்று சொல்லி நாளைக்கு வரச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். பஸ் பிடித்து வந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கும் மனசு வராது. ஆனால் அந்த ரத்தத்துக்கு 'வெறும் வயிறு' என்று போட்டு ரிப்போர்ட் அடிக்கக் கூடாது. மாத்திரை போட்டாரா, ஊசி போட்டாரா என்பதும் இப்படித்தான். சாப்பிட்ட பிறகு பார்க்கிற சுகருக்கு வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் எண்ண வேண்டும். கை கழுவியதிலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம். டெஸ்டுக்காக அன்று மட்டும் ஒரு இட்லியோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு.

இரண்டு நாள் பட்டினி கிடந்து, பரீட்சைக்குக் கடைசி ராத்திரி படிப்பது மாதிரி, நல்ல நம்பரோடு டாக்டரிடம் போகிறவர்களை எச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதற்குள் அதில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு அதில் வந்துவிடும். 7 சதவீதம் என்றால் சராசரி சுகர் ஏறத்தாழ 154. இதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. ஆனாலும் இந்த ஒரு டெஸ்ட் மட்டும் போதும் என்கிற பேச்சை நான் ஏற்கமாட்டேன். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு சத்துணவுப் பணியாளருக்கு 6.7 வந்தது. கட்ஆஃப் 6.5, ஆகவே சர்க்கரை நோய் என்று அவர் அழுதுவிட்டார். வெறும் வயிற்றில் 94, சாப்பிட்ட பின் 128. இரண்டும் ஒத்துப் போகவில்லையே என்று அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தேன், 7.8. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணு கூடுதல் நாள் சுற்றும், எச்பிஏ1சி பொய்யாக ஏறும். டாக்டரிடம் சொன்னோம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சில மாதம் கழித்து எடுத்தபோது 5.8. அதுவும் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது, கவனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அன்றே மாத்திரை தொடங்கும் நிலை அவருக்கு இல்லை. ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும், ரத்தம் நிறைய போனவருக்கும் இது தலைகீழாகக் குறைத்துக் காட்டும்.

வீட்டு குளுக்கோமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டே சண்டைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். "இதுல 168, உங்க லேப்ல 149. எதும்மா நெசம்?" இரண்டும் சரியாக இருக்கலாம். 100-க்கு மேல் போனால் மீட்டருக்குத் தரநிர்ணயமே 15 சதவீதம் முன்பின் விட்டிருக்கிறது. சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சுகர் லேபில் ஊசியால் எடுக்கும் சிரை ரத்தத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்திப் பார்த்துவிட்டு 300 என்று ஓடி வந்தவர்களும் உண்டு. மீட்டர் தினசரி ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதற்கு. நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட லேபுக்கு வரவேண்டும், அறிகுறி எதுவும் இல்லாதவர் என்றால் இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கர்ப்பிணிகள். சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் பாடுபட்டதால்தான் இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் கர்ப்பிணிகளுக்கான சுகர் பரிசோதனை போயிருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு கர்ப்பிணியைக் காக்க வைக்காமல் யோசித்த முறை என்பதால் எனக்கு இதில் மரியாதை அதிகம். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் செய்ய வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் நேரத்தை எழுதி ஒட்டி வைப்போம். கூட வந்த மாமியார் நடுவில் பிஸ்கட்டை நீட்டாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலைதான்.

அதிகம் வந்தால் டாக்டர் பார்ப்பார், உணவைச் சொல்வார், தேவைப்பட்டால் இன்சுலின். பிரசவமும் ஆகிவிடும். ஆறு வாரம் கழித்து, இந்தத் தடவை வெறும் வயிற்றோடு வந்து, மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒருமுறை பார்க்க வேண்டும், அங்கேதான் விட்டுப்போகிறது. இந்தப் பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் 140-க்கு மேல் வந்தவர்களின் பெயரையும் பிரசவத் தேதியையும் தனி நோட்டில் எழுதி, தேதி வந்ததும் போன் செய்கிறோம். "அவளுக்குத்தான் பிரசவத்தோட சுகர் போயிருச்சேம்மா, பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு எப்படி வருவா?" என்பார்கள். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வருவீர்கள் அல்லவா, அன்றைக்கே அம்மாவையும் வெறும் வயிற்றோடு கூட்டிவாருங்கள், ஊசி போட்டுவிட்டு இங்கே இரண்டு மணி நேரம் இருந்தால் போதும் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறோம். இப்படிச் சொன்னால் சிலர் வருகிறார்கள்.