நினைவு ஒன்றா, பலவா? ஹென்றி மொலைசனின் மூளை எழுப்பிய கேள்வி

மூளை அறிவியலின் வரலாற்றைப் பெரும்பாலும் இடம் கண்டுபிடித்த கதையாகவே சொல்கிறார்கள்: பேச்சுக்கு இந்த இடம், பார்வைக்கு அந்த இடம், நினைவுக்கு வேறோர் இடம். 'டான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் பேச இயலாதிருந்த ஒரு நோயாளி 1861இல் இறந்தபோது, அவருடைய மூளையின் இடது முன்மடலில் சிதைவு இருப்பதைப் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா எடுத்துக்காட்டினார். கதை வழக்கமாக அங்கிருந்துதான் தொடங்கும். இந்தக் கதையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான் அதன் இடத்தைத் தேட முடியும். நினைவு என்று நாம் ஒன்றாகக் கருதுவது மூளையிலும் ஒன்றாகவே இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? இது தத்துவத்துக்கு உரிய கேள்வி. அதற்கு விடை புலப்படத் தொடங்கியதோ, கைமீறிப்போன ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான்.

அதற்கு முன் நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி, எலிகளுக்குச் சிக்கலான பாதைகளில் வழி கண்டறியப் பழக்கி, அவற்றின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், வெவ்வேறு பகுதிகளை அகற்றிப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார். கற்றது எந்த அளவுக்கு அழிகிறது என்பது, அகற்றிய இடத்தைவிட அகற்றிய பரப்பின் அளவையே சார்ந்திருந்தது. நினைவின் தடத்தைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் தன்னால் காண முடியவில்லை என்று 1950இல் அவர் எழுதினார். நினைவு மூளை முழுவதும் பரவிக் கிடப்பது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

ஹென்றி மொலைசன் 1926இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தொடங்கிய வலிப்பு நோய், இருபதுகளின் நடுவில் அவரால் வேலைக்கே போக முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு புறமும் நெற்றிப்பொட்டை ஒட்டியுள்ள பொட்டு மடலின் உட்பகுதியை, ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் முன்பகுதி உட்பட, அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் மனத்தில் நிலைக்கவில்லை. மாண்ட்ரியலிலிருந்து வந்து அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னரும் ஸ்கோவிலும் சேர்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரையில், அவருடைய நுண்ணறிவு குறையவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. ஒருமுறை, 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னபோது, இலக்கங்களைக் கூட்டியும் கழித்தும் தானே ஒரு கணக்கு வகுத்து, அதை இடைவிடாமல் மனத்துக்குள் ஓட்டி, கால் மணி நேரம் அந்த எண்ணைத் தக்கவைத்தார். கவனம் திரும்பிய ஒரு நிமிடத்தில் எண் மட்டுமல்ல, எண்ணைச் சொன்னார்கள் என்பதே அவரிடமிருந்து போய்விட்டது. அந்த நேரத்துக்குத் தேவையானதை மனத்தில் ஏந்திக்கொள்வதும், அதை நெடுங்காலத்துக்குப் பதிய வைப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

எனினும் இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனைதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோடுகளால் வரைந்த நட்சத்திரம் தாளில் இருக்கும். அந்த இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை நகர்த்த வேண்டும். ஆனால் கையும் தாளும் நேராகத் தெரியாதபடி ஒரு மறைப்பு இருக்கும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து வரைய வேண்டும். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முனையிலும் திரும்ப வேண்டிய இடத்தில் கை எதிர்ப்பக்கம் இழுக்கும், பென்சில் ஒரே இடத்தில் நடுங்கிக் கிறுக்கும். மொலைசனும் முதலில் அப்படித்தான் தடுமாறினார். மூன்று நாள்கள் தொடர்ந்து பழகியபின், அவருடைய கோடு ஏறத்தாழப் பிசகின்றி ஓடியது. ஒவ்வொரு நாளும் அது அவருக்கு முன்பின் பார்த்திராத சோதனை. கடினமாக இருக்கும் என்று நினைத்த ஒன்றைத் தான் நன்றாகச் செய்துவிட்டதைக் கண்டு அவரே வியந்தார் என்று மில்னர் சொல்லியிருக்கிறார். கை கற்றுக்கொண்டிருந்தது, கற்றது அவருக்குத் தெரியாது.

இந்தப் பிளவுக்குரிய கருத்து ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஏற்கெனவே உருவாகியிருந்தது. பழக்கமாகப் படிந்துவிட்ட நினைவையும், கடந்துபோன ஒரு நிகழ்ச்சியை மீண்டும் மனத்தில் கொண்டுவருவதையும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்ரி பெர்க்சன் 1896இலேயே பிரித்துக் காட்டினார். ஒன்றைச் செய்யத் தெரிவதும், ஒன்று இன்னதென்று தெரிவதும் வேறு வேறு என்று ஆக்ஸ்ஃபோர்டின் கில்பர்ட் ரைல் 1940களில் வாதிட்டார். நீல் கோஹனும் லாரி ஸ்க்வயரும், மறதி நோயாளிகள் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட்ட சொற்களைப் படிக்கப் பழகிக்கொள்வதை 1980இல் காட்டியபோது, ரைலின் அந்தப் பாகுபாட்டையே தங்கள் கட்டுரையின் தலைப்பில் வைத்தார்கள். தத்துவம் அறிவியலுக்குப் பின்னால் வந்து விளக்கம் மட்டும் சொல்கிறது என்பவர்களுக்கு இந்த வரிசையை நான் சுட்டிக்காட்டுவேன். நட்சத்திரத்தை வரைந்தது மொலைசனின் கை. அதில் என்ன தெரிகிறது என்பதைச் சொல்வதற்கான கருத்தைத் தந்தவர்கள் தத்துவ அறிஞர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு பகுதி போனதும் ஒரு திறன் போனால், அந்தத் திறன் அந்தப் பகுதியில்தான் குடியிருந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. ரேடியோவிலிருந்து ஒரு மின்தடையைக் கழற்றியதும் அது ஊளையிட்டால், ஊளையை அடக்குவதுதான் அந்த மின்தடையின் வேலை என்று சொல்லலாமா என்று உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி 1961இல் கேட்டார். அதனால்தான் நேரெதிர்ப் பக்கத்துச் சான்றும், அதாவது கை கற்கத் தடுமாறும் நோயாளிகளும், வேண்டியிருக்கிறது. ஹண்டிங்டன் என்ற பரம்பரை நோயில் மூளையின் வேறு பகுதிகள் சிதையும்போது, கைத்திறன் கற்பதே கடினமாகிறது. மொலைசனின் மூளையில் உண்மையில் எதெல்லாம் அகற்றப்பட்டது என்பதும் அறுபது ஆண்டுகள் தீராத கேள்வியாகவே இருந்தது. 1990களில் எடுத்த எம்ஆர்ஐ படங்கள், ஸ்கோவில் மதிப்பிட்டதைவிட அகற்றிய நீளம் குறைவு என்று காட்டின. 2008இல் அவர் இறந்தபின், சான் டியேகோவில் அவருடைய மூளை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டது. ஹிப்போகாம்பஸின் பின்பகுதி கணிசமாக எஞ்சியிருந்ததும், அதற்குச் செய்திகளைக் கொண்டுசெல்லும் அண்டைப் புறணி பெரும்பாலும் போயிருந்ததும் 2014இல் வெளியான ஆய்வில் உறுதியாயின. அப்படியானால் அவருடைய மறதிக்குக் காரணத்தை ஹிப்போகாம்பஸின் மீது மட்டும் சுமத்தும் பாடநூல் வாக்கியங்களைத் திருத்தி எழுத வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

நினைவு இரண்டாகப் பிளந்ததோடும் விஷயம் நிற்கவில்லை. ஹிப்போகாம்பஸ் சேதமுற்ற நோயாளிகளிடம் ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னால், அவர்கள் சொல்வது ஒருங்கிணைந்த காட்சியாக அமையாமல் துண்டுதுண்டாகவே இருப்பதை டெமிஸ் ஹசாபிஸும் எலினோர் மகுவாயரும் லண்டனில் தம் சகாக்களுடன் சேர்ந்து செய்த ஆய்வு 2007இல் காட்டியது. நடந்ததை நினைப்பதற்கும் நடக்காததைக் கற்பனை செய்வதற்கும் ஒரே உறுப்பு தேவைப்படுகிறது என்றால், அதை நினைவின் உறுப்பு என்று அழைப்பதே பொருந்துமா என்ற விவாதம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. காட்சிகளைக் கட்டமைப்பதுதான் அதன் அடிப்படை வேலை என்பவர்களும், அனுபவத்தின் கூறுகளுக்கு இடையிலான தொடர்புகளைப் பிணைத்துச் சேமிப்பதே அதன் வேலை என்பவர்களும் மோதிக்கொள்கிறார்கள். என் சாய்வு முதல் தரப்பின் பக்கம். ஆனால் கற்பனையில் தடுமாறாத ஹிப்போகாம்பஸ் நோயாளிகளையும் வேறு ஆய்வாளர்கள் பதிவு செய்திருப்பதால், அந்தத் தரப்பு அவர்களை எப்படி விளக்குகிறது என்பதில்தான் இந்த வழக்கு தீரும்.