ஹெர்னியா என்று சொல்லி வைத்திருந்தோம்

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொன்னது ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான். அது என் கணவர், இவர் எடுத்த முடிவு. "கேன்சர்னு சொன்னா துக்கம் விசாரிக்கிற மாதிரி வருவாங்க. எந்த இடத்துலன்னு கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. 2023 அக்டோபரில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் கேன்சருக்காக இவருடைய ப்ராஸ்டேட் சுரப்பியை, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பதை, முழுவதுமாக எடுத்தார்கள். காரைக்குடியில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் உண்மை தெரியாது.

இவர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 64. ராத்திரியில் நான்கைந்து தடவை எழுந்து போவார். சர்க்கரை இருப்பதால் அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சர்க்கரை டாக்டர்தான், இந்த வயதில் ஒரு தடவை பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்) பார்த்துவிடலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். 4-க்குள் இருக்க வேண்டியது 9.6 இருந்தது. கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும், சுரப்பி சாதாரணமாக வீங்கியிருந்தாலும் ஏறும் என்று மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். 10.1. அப்புறம் எம்.ஆர்.ஐ., அப்புறம் பயாப்ஸி.

பயாப்ஸியில் ஆசனவாய் வழியாக ஊசி விட்டுப் பன்னிரண்டு இடத்தில் சதை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். நான்கைந்து நாள் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. இவர் என்னிடம் சொல்லவே இல்லை. துவைக்கப் போட்ட லுங்கியில் கறையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பயாப்ஸிக்குப் பிறகு கொஞ்ச நாள் ரத்தம் தெரிவது வழக்கம்தான், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே ஓடிவர வேண்டும் என்று டாக்டர் இவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதையும் இவர் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். "இனிமே டாக்டர் ரூமுக்குள்ள நானும் வருவேன்" என்றேன். அப்படியே செய்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குப் பாதி விஷயம்தான் வந்து சேரும்.

ரிப்போர்ட்டில் கேன்சர்தான் என்று இருந்தது. அதன் வேகத்தைக் காட்டும் கிளீசன் எண் 4+3=7. திசுவில் அதிகமாகத் தெரியும் வகைக்கு ஓர் எண், அதற்கடுத்த வகைக்கு ஓர் எண் கொடுத்துக் கூட்டுகிறார்கள். 3+4 போட்டாலும் 7, 4+3 போட்டாலும் 7. ஆனால் முதலில் 4 வந்தால் கொஞ்சம் வேகமான வகை. எலும்புக்கோ வேறு இடத்துக்கோ பரவவில்லை என்று பெட் ஸ்கேனில் தெரிந்த அன்றுதான் நாங்கள் இருவரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். கதிர்வீச்சும் ஹார்மோன் ஊசியும் ஒரு வழி, அறுவை சிகிச்சை இன்னொரு வழி, இரண்டுமே குணப்படுத்தத்தான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இவர் அறுவை சிகிச்சையைக் கேட்டார். உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டால் நிம்மதி என்று இவருக்குத் தோன்றியது. அது சரியா தவறா என்று நான் வாதாடவில்லை. உடம்பு இவருடையது.

பயாப்ஸி செய்த இடம் ஆற வேண்டும் என்று சில வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டைக்கான பேப்பர் வேலையும் அதற்குள் முடிந்தது. ரோபோ மூலம் செய்வதற்கான கூடுதல் தொகையை அவர்கள் ஏற்கவில்லை, அதைச் சேமிப்பிலிருந்து கட்டினோம். ரோபோ தானாக அறுக்கும் என்று நான் பயந்திருந்தேன். அப்படி இல்லை. பக்கத்தில் ஒரு மேஜை முன் உட்கார்ந்து டாக்டர்தான் ஒவ்வொரு அசைவையும் நடத்துகிறார். வயிற்றில் ஆறு சிறிய துளைகள், நான்கு மணி நேரம்.

வெளியே கொண்டுவந்தபோது முகமெல்லாம் வீங்கி, கண் இமை தடித்து, வேறு யாரோ போல இருந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. தலையைக் கீழாகச் சாய்த்து வைத்து ஆபரேஷன் செய்வதால் அப்படி ஆகும், மறுநாள் வடிந்துவிடும் என்று நர்ஸ் சொன்னார். வடிந்தது. வயிற்றுக்குள் வாயு செலுத்துவதால் தோள்பட்டையும் வலிக்கும். இந்த இரண்டையும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த ராத்திரியை நான் அழாமல் கழித்திருப்பேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள், சிறுநீர் இறங்கும் ட்யூபோடு. சுரப்பியை எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை ட்யூப் உள்ளே இருக்க வேண்டும். இவருக்குப் பத்து நாள். உள்ளே அது நழுவாமல் இருக்க ஒரு சின்ன பலூன் இருக்கிறது, அதனால் எக்காரணம் கொண்டும் இழுபடக் கூடாது. தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. ராத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்து அதன் விளிம்பில் மாட்டினேன். பேண்ட் போடவே முடியாது, லுங்கிதான் சௌகரியம். எங்கள் வீட்டில் கீழே உட்காரும் கக்கூஸ். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கம்மோடு நாற்காலி வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. மலச்சிக்கல் வரவே கூடாது, முக்கினால் ட்யூபைச் சுற்றிச் சிறுநீரும் ரத்தமும் கசியும். பப்பாளி, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை, அதோடு டாக்டர் கொடுத்த சிரப். நடந்துவிட்டு வந்தால் பேக்கில் லேசாகச் சிவப்புத் தெரியும், தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும்.

ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். அடிவயிறு வலிக்கிறது என்று எழுப்பினார். பேக்கைப் பார்த்தால் படுக்கும்போது இருந்த அளவுதான். ஒரு சொட்டு இறங்கவில்லை. டிஸ்சார்ஜ் பேப்பரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ் பதறாமல், "ட்யூப் எங்கேயாவது மடங்கியிருக்கான்னு மேலேருந்து தடவிப் பாருங்கம்மா" என்றார். இவர் புரண்டு படுத்ததில் தொடைக்கு அடியில் மடங்கியிருந்தது. நேராக்கியதும் சரசரவென்று இறங்கியது. அதன்பிறகு ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். எனக்கும் பிரஷர் உண்டு. அந்தப் பத்து நாளில் என் மாத்திரையைப் பாதி நாள் போடவில்லை. நோயாளியின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே உங்கள் டப்பாவையும் வையுங்கள்.

ட்யூப் எடுத்தால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்திருந்தோம். எடுத்தார்கள். இவர் எழுந்து நின்றார். நின்ற இடத்திலேயே சிறுநீர் கால் வழியாக ஓடியது. இவருக்குத் தெரியவே இல்லை, தரையைப் பார்த்துத்தான் தெரிந்தது. பேட் எடுத்து வாருங்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மருத்துவமனை துண்டு ஒன்றை மடித்து வைத்து, காரில் என் சேலை ஒன்றைப் போட்டு உட்காரவைத்து, மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி வந்து சேர்ந்தோம். இரண்டு மணி நேரம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சிறுநீரை அடக்க இரண்டு பூட்டு இருக்குமாம். அதில் ஒன்று சுரப்பியோடு போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஒன்று முழுப் பாரத்தையும் சுமக்கப் பழக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். இதை டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே சொன்னார்தான். ஆனால் "கொஞ்ச நாள் கசிவு இருக்கும்" என்று காதில் விழுந்ததும், எங்கள் தரையில் கிடந்த ஈரமும் ஒன்றாக இல்லை.

மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயாப்பர் கிடைத்தது. பகலில் அது புழுக்கம். மகள் ஊரிலிருந்து சிறுநீருக்கென்றே செய்த பேட்டுகளை அனுப்பும்வரை, பெண்கள் வைக்கும் நாப்கினைத்தான் இவருக்குக் கொடுத்தேன். அது இதற்கு அவ்வளவு தாங்காது, அடிக்கடி மாற்ற வேண்டும். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம். அந்த வருஷங்களில் நியூஸ்பேப்பரில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்த பொருள் அது. அதைப் பிரித்து, பின்பக்கத் தாளை உரித்து, ஜட்டியில் எப்படி ஒட்டுவது என்று இவருக்குக் காட்டினேன். இவர் கவனமாகப் பார்த்தார். "இதையா மாசா மாசம் வச்சுக்கிட்டு வேலை பாத்த?" என்று கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு இவர் மனம்விட்டு ஏதாவது கேட்டது அன்றுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்று பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதத் தொடங்கினேன். பாலுக்கு நீலப் பேனா, இதற்குச் சிவப்பு. முதல் வாரம் ஏழு, எட்டு. தீபாவளி வந்தது. புது வேட்டிக்கு மஞ்சள் தடவிக் கொடுத்தேன். இவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியில் வைத்துவிட்டு, கரும்பச்சை லுங்கியையே கட்டிக்கொண்டார். பண்டிகை நாளில் வெள்ளை வேட்டி தவிர வேறு கட்டாத மனிதர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய சிவப்பு எண் நான்கு.

சிறுநீரை அடக்கும் தசைக்கான பயிற்சியை ட்யூப் எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். வாயு வெளியேறாமல் அடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறதோ அதை மட்டும் இறுக்கிப் பத்து எண்ணிவிட்டு விட வேண்டும். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. எழுந்திருக்கும் முன், இருமும் முன் ஒரு இறுக்கு. காலையில் பரவாயில்லாமல் இருக்கும், சாயங்காலம் தசை களைத்துக் கசிவு கூடும். காபி தூண்டிவிடும் என்பதால் மூன்று வேளைக் காபி ஒரு வேளை ஆனது. அது இவருக்குப் பெரிய தியாகம். நடுவில் ஒரு வாரம் நனையாமல் இருக்க வேண்டுமென்று தண்ணீரையே குறைத்துவிட்டார். சிறுநீர் மஞ்சளாகி எரிச்சல் எடுத்தது, கசிவோ குறையவில்லை. தயவுசெய்து தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள்.

அந்த நாட்களில் இவர் ஹாலில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கினார். கேட்டால், மின்விசிறிக் காற்று அங்கே நன்றாக வருகிறது என்றார். என்மேல் ஏதோ வருத்தம் என்று பத்து நாள் நானாக நினைத்துக்கொண்டேன். மெத்தை நனைந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்பது ஒரு விடியற்காலையில் இவர் பாயைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பேரனுக்கு வாங்கிய ரப்பர் ஷீட் பரணில் இருந்தது. அதை எடுத்துத் துடைத்து மெத்தைமேல் போட்டு, மேலே பழைய வேட்டியை விரித்து, "உள்ள வந்து படுங்க" என்றேன். வந்தார்.

தாம்பத்தியத்தைப் பற்றியும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் இது பாதிக் கதை. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே இரண்டு பக்கமும் ஓடுகின்றன. இவருக்கு ஒரு பக்கம்தான் காப்பாற்ற முடிந்தது. திரும்ப வர ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம், முழுதாக வராமலும் போகலாம், மாத்திரை இருக்கிறது, விந்து இனி வராது என்று டாக்டர் என்னையும் உட்காரவைத்தே சொன்னார். இவர் தலை நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்து, "உனக்கு நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவனா ஆயிட்டேன்" என்றார். எனக்கு வேண்டியது நீங்கள் பக்கத்தில் இருப்பது என்று சொன்னேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஆனால் இவருக்கு அது ஓர் இழப்பு. என் ஒரு வார்த்தையில் அது தீராது என்பதும் எனக்குத் தெரிந்தது. அதனால் அதற்குப் பிறகு இவர் அழுதபோது நான் தடுக்கவில்லை.

சுரப்பியைப் பரிசோதித்த ரிப்போர்ட் நன்றாக வந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை, நிணநீர்க் கணுக்களிலும் இல்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்த பி.எஸ்.ஏ. 0.1-க்கும் கீழே. சுரப்பியே இல்லாததால் இனி அது அப்படித்தான் இருக்க வேண்டும், 0.2-ஐத் தொட்டால் கவனிப்போம் என்றார்கள். அன்றைக்கு டாக்டர் கேட்ட கேள்விதான் எங்கள் பொய்யைக் கலைத்தது. "கூடப் பிறந்தவர்கள் உண்டா?" அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதலாம். இவருடைய அண்ணனும் எங்கள் மகனும் பரிசோதனை பற்றி அவரவர் டாக்டரிடம் பேச வேண்டும் என்றார்.

மகனிடம் அன்றே சொன்னோம். அண்ணனிடம் சொல்ல இவருக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. பொங்கலன்று வாழ்த்துச் சொல்லப் போன் செய்தவர், திடீரென்று, "அண்ணே, எனக்குப் பண்ணது ஹெர்னியா இல்ல" என்றார். நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னார், பேட் வைத்துக்கொள்வது உட்பட. அந்தப் பக்கம் அண்ணன் (நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்) கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம், "நானும் ரெண்டு வருஷமா ராத்திரி அஞ்சு தடவை எந்திரிக்கிறேன்டா, யார்கிட்டயும் சொல்லல" என்றாராம். அடுத்த வாரமே மாமாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். வயதுக்கு வரும் சாதாரண வீக்கம்தான், மாத்திரையிலேயே நிற்கிறது. மாமா தினமும் போன் செய்து இவரிடம், "இன்னிக்கு எத்தனைடா?" என்று கேட்பார். இவரும் காலண்டரைப் பார்த்துச் சொல்வார்.

பொங்கலுக்குப் பிறகு நாளைக்கு ஒன்று என்று வந்தது. பிள்ளையார்பட்டிக்குப் போகலாம் என்றபோது, பேடோடு சன்னிதிக்குள் எப்படிப் போவது என்று தயங்கினார். "சாமிக்குத் தெரியாததா? வாங்க" என்று கூட்டிப் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில். ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் பஸ்ஸில் போன முதல் பயணம் அதுதான்.

சித்திரையில் மாமாவின் பேத்திக்குக் காதுகுத்து. காலையில் குளித்துவிட்டு வந்தவர் அலமாரியைத் திறந்து, ஓரத்தில் மஞ்சள் காய்ந்திருந்த அந்தத் தீபாவளி வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். மாற்றுவதற்கு இரண்டு பேட்டை என் பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் திரும்பி வரும்போது பையில் ஒன்று இருந்தது.