அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்: ஒரு ப்ரூவரி உதவியாளோட நாட்குறிப்பு

மார்ச் 4, 2024, திங்கள்

நான் வேலை பாக்குறது பெங்களூர்ல ஒரு மைக்ரோப்ரூவரில, அதாவது அங்கயே பீர் காய்ச்சி அங்கயே ஊத்துற பப். திங்கக்கிழமைன்னா எங்களுக்கு காய்ச்சுற நாள். சனி ஞாயிறுல டேங்க் காலியாயிடும், திங்கள் செவ்வாய் கூட்டம் இருக்காது, அதனால காலைல ஏழுக்கே மால்ட் (முளைகட்டிக் காய வெச்ச தானியம்) அரைக்க ஆரம்பிச்சிடுவோம், அதுக்கு நான் ஓசூர்ல அஞ்சரை பஸ்ஸ புடிச்சாகணும். இன்னிக்கு வீட் பீர், அதாவது கோதுமை பீர். போன வாரமும் அதான், அதுக்கு முந்தின வாரமும் அதான்.

பெங்களூர்ல எந்த மைக்ரோப்ரூவரிக்குப் போனாலும் போர்டுல ஐபிஏ, ஸ்டவுட், பெல்ஜியன் விட், சைடர்னு வரிசையா எழுதியிருப்பாங்க, ஆனா ஜக் ஜக்கா ஓடுறது ஹெஃபவைசன்ங்கற இந்த ஜெர்மன் வீட் பீர்தான். காரணம் பெருசா ஒண்ணுமில்ல. கசப்பு கம்மி. ஃபில்டர் பண்ண வேண்டாம், கலங்கலா இருக்கறதுதான் அதோட லட்சணம். ரெண்டு வாரத்துல ரெடி. வாழைப்பழ வாசனை வேற வரும், கிங்ஃபிஷர் ஸ்ட்ராங்க மட்டும் குடிச்சுப் பழகினவங்க மொத வாய்லயே "ஓ, இது வேற"ன்னு சொல்லிடுவாங்க. அந்த வாசனை முழுக்க ஈஸ்ட் வேலை, கொஞ்சம் சூடா நொதிக்க விட்டா வாழைப்பழம் தூக்கும், குளிர்ச்சியா வெச்சா லவங்கம் முன்னாடி வரும். போன சனிக்கிழமை ஒரு கஸ்டமர் கிச்சன் கண்ணாடி பக்கம் வந்து, "இதுல போடறது ஏலக்கி வாழையா, பச்சை வாழையா"ன்னு ரொம்ப சீரியஸா கேட்டாரு. ரெண்டும் இல்ல சார்னு சொன்னேன், நம்பல.

மார்ச் 8, வெள்ளி

குடிதண்ணில கார் கழுவினா 5,000 ரூபா ஃபைன்னு வாட்டர் போர்டு ஆர்டர் போட்டுடுச்சு. தோட்டத்துக்கு ஊத்தக்கூடாது, ஃபவுண்டன் ஓடக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது. போர்வெல்லெல்லாம் வத்திப்போச்சு, டேங்கர்காரங்க வாய்க்கு வந்த ரேட்டு சொல்ல, கலெக்டர் ஆபீஸ் தலையிட்டு 12,000 லிட்டர் லாரி அஞ்சு கிலோமீட்டருக்குள்ள 1,000 ரூபான்னு கட்டி வெச்சிருக்காங்க. அந்த ரேட்டுக்கு வண்டி வருதாங்கறது வேற கதை.

எங்க வேலைல மொத்தமும் தண்ணிதான். கிளாஸ்ல இருக்கறதுலயே தொண்ணூறு சதத்துக்கு மேல தண்ணி, ஆனா அது சின்னக் கணக்கு. சின்ன ப்ரூவரில ஒரு லிட்டர் பீர் வெளிய வர அஞ்சு ஆறு லிட்டர், சமயத்துல அதுக்கு மேலயும் தண்ணி போகும். டேங்க் கழுவ காஸ்டிக், அப்புறம் தண்ணி, அப்புறம் ஆசிட், திரும்ப தண்ணி, இந்த உதவியாள் வேலைன்னா பாதிக்கு மேல பாத்திரம் கழுவுற வேலைதான், பாத்திரம் ஆயிரம் லிட்டர் சைஸு அவ்வளவுதான் வித்தியாசம். போர்வெல் தண்ணி உப்பு, அதனால ஆர்ஓ போட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு அப்புறம் நாமளே கால்சியம் குளோரைடும் ஜிப்சமும் அளந்து போடுவோம். அந்த ஆர்ஓ தள்ளுற தண்ணி இத்தனை நாள் சும்மா சாக்கடைக்குப் போச்சு, இன்னிலேர்ந்து அதுதான் தரை கழுவ, டாய்லெட்டுக்கு. கொதிச்ச வோர்ட்ட (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) குளிர வைக்க ஓடுற தண்ணி சூடாகி வெளிய வரும்ல, அதைப் புடிச்சு அடுத்த தடவை காய்ச்சறதுக்கு வெச்சுக்கறோம். இதெல்லாம் மொத நாள்லேர்ந்தே செய்ய வேண்டிய வேலை, தண்ணி இருந்தப்ப எவனும் செய்யல.

இன்னொண்ணு. போர்வெல் போக, குழாய்ல வர்றது காவிரி. நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து மேட்டுக்கு பம்ப் பண்ணிக் கொண்டு வர்றாங்க. காவிரிப் பிரச்சனை நாள்ல தமிழ் போர்டு வண்டிய அத்திப்பள்ளில நிறுத்துவாங்க, அந்தப் பார்டரைத் தாண்டி வந்து அதே காவிரில நான் பீர் காய்ச்சுறேன். இத யார்கிட்டயும் சொல்றதில்ல.

மார்ச் 13, புதன்

சக்கை எடுக்க வர்ற அண்ணன் இன்னிக்கு காலைலயே வந்துட்டாரு. ஆயிரம் லிட்டர் காய்ச்சினா இருநூறு கிலோவுக்கு மேல மால்ட் போகும், சர்க்கரைய இழுத்துட்டு மிஞ்சறது ஈரச் சக்கை, போட்டத விட எடை கூட இருக்கும். புரதம் இருக்கறதால மாடு விரும்பித் தின்னும், பாலும் நல்லா கறக்குதுன்னு சொல்றாரு. இந்த வெயில்ல ஒரு நாள் விட்டா புளிச்சு நாறிடும், அதனால அதே நாள் பிக்கப்ல ஏத்தி பாகலூர் பக்கம் கொண்டு போயிடணும். மொதல்ல "யாராச்சும் எடுத்துட்டுப் போனா போதும்"னு சும்மா குடுத்துட்டிருந்தாங்களாம், இப்ப அவருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் போட்டி, எங்க மேனேஜர் கிலோவுக்கு இவ்வளவுன்னு பேச ஆரம்பிச்சிட்டாரு.

"தம்பி, மாட்டுக்கு போதை ஏறுமான்னு ஊர்ல கேக்குறானுங்க"ன்னாரு. நொதிக்கறதுக்கு முந்தியே எடுத்துடறோம்ணே, அதுல ஆல்கஹாலே கிடையாதுன்னேன். "அது எனக்குத் தெரியும், சொல்லிட்டேன், ஆனாலும் ராத்திரில வந்து எட்டிப் பாக்குறானுங்க"ன்னு சிரிக்கிறாரு.

மார்ச் 22, வெள்ளி

ஐபிஎல் மொத மேட்ச், சேப்பாக்கம், சிஎஸ்கே ஜெயிச்சுது. பப் முழுக்க சிவப்பு சட்டை, நான் பின்னாடி டேங்க் ரூம்ல தனியா சந்தோஷப்பட்டேன். வீட் பீர் தீர்ந்துபோச்சு, பத்து மணிக்கு போர்டுல அழிச்சாங்க.

ஏப்ரல் 3, புதன்

லீவு. விட்டல் மல்லையா ரோட்டுல சும்மா நடந்தேன். யூபி சிட்டின்னு இப்ப பெரிய பெரிய பிராண்டு கடையா நிக்குதே, அந்த இடத்துல முந்தி நிஜமாவே பீர் ஃபாக்டரி இருந்துச்சு. 1915ல தாமஸ் லீஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவுல இருந்த அஞ்சு ப்ரூவரிய ஒண்ணாச் சேத்து ஆரம்பிச்சதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ், அதுல நீலகிரில இருந்த ஒரு பழைய ப்ரூவரியும் அடக்கம். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு பெரிய பெரிய பீப்பாய்ல மாட்டு வண்டில போகுமாம் சரக்கு. ஆக இந்த ஊருக்கு பீர் புதுசு இல்ல. 80கள் கடைசிலயே பப் ஊருன்னு பேர் எடுத்துடுச்சு, ஆனா எல்லா பப்லயும் ஒரே லாகர்தான், கடைல பாட்டில்ல கிடைக்கற அந்த சாதா பீர்.

உள்ளூர்ல காய்ச்சி அங்கயே ஊத்துற கதை இந்தப் பக்கம் 2009ல புனேல டூலாலிங்கற மைக்ரோப்ரூவரில சூடு புடிச்சுது. இங்க 2010, 2011 வாக்குல பியர் கிளப்பும், இந்திரா நகர் நூறடி ரோட்டுல டாய்டும் வந்துச்சு, 2012ல ஆர்பர், அமெரிக்கா மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச ப்ரூவரியோட பேர்ல வந்தது, அதே சமயத்துல வொய்ட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ். இப்ப அறுபதைத் தாண்டிடுச்சு. இந்த ஊர்க்காரன் வாய்க்கு ஐபிஏ கசப்பைப் பழக்கினதுல ஆர்பருக்கு பெரிய பங்கு உண்டுன்னு எங்க ஹெட் ப்ரூவர் எப்பவும் சொல்லுவாரு. டாய்ட்ல பாஸ்மதி அரிசி போட்டு ஒரு பிளாண்ட் (வெளிர் நிற பீர்) வெச்சிருக்காங்க, அத மொத தடவை குடிச்சப்பதான் ஜெர்மன்காரன் புக்குல இல்லாததையும் போடலாம்னு எனக்கு உறைச்சுது.

ஆனா இது பீர் வளர்ந்த கதையா, இடம் வளர்ந்த கதையான்னு கேட்டா நான் ரெண்டாவதுன்னுதான் சொல்லுவேன். லைசென்ஸ் அப்படி. காய்ச்சுற இடத்துலயே விக்கணும், பாட்டில்ல அடைச்சு கடைக்கு அனுப்ப முடியாது. அப்ப ஓனர் என்ன பண்ணுவாரு, பீர நல்லாக்கறத விட நாற்காலியக் கூட்டுவாரு. ஹெண்ணூர், சர்ஜாபூர் பக்கம் போய்ப் பாருங்க, கல்யாண மண்டபம் தோத்துடும், குளம், மரம், டிஜே, குழந்தைங்க விளையாட இடம், கார் நிறுத்த ரெண்டு ஏக்கர். வெளிநாட்டுல ஒரு கராஜ்ல நாலு பேர் சேந்து காய்ச்சி பேர் வாங்கினாங்கன்னு படிக்கறோம், இங்க அதுக்கு வழியே இல்ல, கோடிக்கணக்குல பணம் போட்டாத்தான் மொத கிளாஸ். பணம் போட்டவன் ரிஸ்க் எடுக்கமாட்டான், அதனால மறுபடி வீட் பீர்.

இந்த ரூல் எவ்வளவு இறுக்கம்னு 2020 லாக்டவுன்லதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. டேங்க் நிறைய பீர், குடிக்க ஆள் வரமுடியாது, பாட்டில்ல குடுக்க அனுமதியும் இல்ல. மே மாசம் கவர்மெண்ட் தற்காலிகமா ஆளுக்கு 2 லிட்டர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு விட்டுது. அதுக்குள்ள நிறைய பேர் சாக்கடைல திறந்து விட்டுட்டாங்கன்னு எங்க ஹெட் ப்ரூவர் இன்னிக்கும் முகத்தச் சுளிச்சுக்கிட்டு சொல்லுவாரு.

ஏப்ரல் 10, புதன்

ஹாப்ஸ் பார்சல் வந்துச்சு, பீருக்கு கசப்பும் வாசனையும் குடுக்கற பூ. அமெரிக்கா யாகிமாலேர்ந்து. பாக்கெட்டப் பிரிச்சவுடனே எலுமிச்ச தோல், பைன் மரம், கொஞ்சம் மாங்கா, ரூமே மணக்கும். கோடைல பகல் நீளமா இருக்கற ஊர்லதான் இந்தக் கொடி பூக்கும், அதனால நம்ம பக்கம் வராது, இமாச்சல்ல லாஹௌல் பள்ளத்தாக்குல கொஞ்சம் போட்டாங்க. மால்ட்டும் ஸ்பெஷல் ரகம் எல்லாம் ஜெர்மனிலேர்ந்து வருது. லோக்கல் பீர் லோக்கல் பீர்னு போர்டுல எழுதறோம், லோக்கலா இருக்கறது தண்ணியும் நாங்களும்தான்னு நான் சொன்னேன், ஹெட் ப்ரூவர் முறைச்சாரு. அப்புறம் அவரே, "சரி, அப்ப உங்க ஊர் மாங்கா கொண்டு வா"ன்னாரு.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டாச்சு. கிருஷ்ணகிரி தொகுதி, காலைலயே வரிசை. டாஸ்மாக் மூணு நாளா மூடிக் கிடக்கு, எங்க மாமா அதனாலயே கடுப்புல இருந்தாரு.

"என்னா மாப்ள, உன்னைய நம்பித்தான் இருக்கேன், ஒரு கேன்ல புடிச்சுட்டு வந்திருக்கலாம்ல?"

"கொண்டு வரமுடியாது மாமா, பார்டர்ல மாட்டினா கேஸு. பெங்களூருக்குள்ளயே வெளிய எடுத்துட்டுப் போக உடமாட்டாங்க."

"காய்ச்சுறவனுக்கே கெடைக்காதா? எங்க காலத்துல காய்ச்சுறவன் மொதல்ல ருசி பாத்துட்டுத்தான் ஊத்துவான்."

பக்கத்துல அத்தை, "அவன் அங்க சாராயம் காய்ச்சல, கம்பெனில இருக்கான்"னு எனக்காக சண்டைக்கு வந்தாங்க. அம்மா யார் கேட்டாலும் "ஃபுட் ப்ராசசிங்"னுதான் சொல்றாங்க, பொய்யும் இல்ல.

சக்கை இந்தப் பக்கம் வருது, மாங்கூழ் அந்தப் பக்கம் போகப்போகுது, ஆளுங்க தினமும் போய் வர்றோம், எங்க கிச்சன்ல பாதிப் பேர் தருமபுரி. பீர் மட்டும் தாண்டாது. தமிழ்நாட்டுல மைக்ரோப்ரூவரிக்கு வழியே இல்ல, 2003லேர்ந்து சில்லறை விக்கறது மொத்தமும் டாஸ்மாக்தான். மெட்ராஸ் பசங்க பாண்டிச்சேரி போறாங்க, அங்க கட்டமரான்னு ஒரு மைக்ரோப்ரூவரி இருக்கு, இல்லன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறி பெங்களூர் வந்துடறாங்க. சனிக்கிழமை மதியம் எங்க பப்ல தமிழ்க் குரல் கேட்டா பாதி அவங்கதான்.

ஏப்ரல் 25, வியாழன்

நாளைக்கு இங்க எலக்சன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து டிரை டே, சரக்கு விக்கக்கூடாது. பப் மூடி, நாற்காலியெல்லாம் தலைகீழா மேஜை மேல. ஆனா ஈஸ்ட்டுக்கு தேர்தல் கமிஷன் தெரியாது, திங்கக்கிழமை போட்டது நுரை பொங்கிக்கிட்டு இருக்கு, யாராவது வந்து டெம்பரேச்சர் பாக்கணும், சாம்பிள் எடுத்து கிராவிட்டி (சர்க்கரை இன்னும் எவ்வளவு மிச்சம்னு காட்டற அளவு) குறிக்கணும், எக்சைஸ் ரெஜிஸ்டர் எழுதணும். அந்த யாராவது நான்தான். வெளிய வெயில் கொளுத்துது, ஏப்ரல்ல ஒரு சொட்டு மழை விழல, டேங்க குளிர வைக்கற சில்லர் மூச்சு வாங்குது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுற வரைக்கும் எனக்கும்.

மே 7, செவ்வாய்

ஒருவழியா மழை! ரோடெல்லாம் மண் வாசனை, கூடவே டிராஃபிக்.

மாங்கூழ் வந்துடுச்சு, கிருஷ்ணகிரி ஃபாக்டரிலேர்ந்து. கஸ்டமர் நினைக்கறது வேற, இது போன சீசன் கூழ், சுட வெச்சு சீல் பண்ணது. புதுப் பழம் இன்னும் சரியா வரல, அதுவுமில்லாம பச்சையாப் போட்டா அதுல இருக்கற காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பீரக் கெடுத்துடும். பெங்களூரா (கிளிமூக்கு) மாங்கா கூழ்ல புளிப்பு, அல்போன்சாக் கூழ்ல வாசனை, ரெண்டையும் கலந்தோம். மொத நொதி அடங்கினதுக்கு அப்புறம்தான் போடணும், முந்திப் போட்டா வாசனையெல்லாம் கேஸோட பறந்துடும். போட்டாலும் கூழ்ல இருக்கற சர்க்கரைய ஈஸ்ட் தின்னுடும், இனிப்பு நிக்காது, மாம்பழத்தோட நிழல்தான் நிக்கும். நிறைய இடத்துல கடைசியா சிரப் ஊத்தி சமாளிக்கறாங்க. எங்க ஹெட் ப்ரூவர் ஒத்துக்கல, ஓனருக்கும் அவருக்கும் வாக்குவாதம், நான் கூழ் டிரம்மை கழுவற சாக்குல நின்னு கேட்டேன். சிரப் இல்லன்னு முடிவாச்சு.

மே 18, சனி

ஆர்சிபி, சிஎஸ்கே. சின்னசாமில. நிக்க இடமில்ல. மூணு ஓவர்ல மழை வந்து நிறுத்துனாங்க, அந்த இடைவெளிலதான் மாம்பழ ஏல், அதான் மாங்கூழ் போட்ட பீர், பாதி டேங்க் போச்சு. சிஎஸ்கே 201 அடிச்சா தோத்தாலும் பிளே-ஆஃபுக்குள்ள போயிடலாம், கடைசி ஓவர், தோனி மொத பந்த ஸ்டேடியத்துக்கு வெளிய தூக்கினாரு, நான் டேங்க் ரூம்லேர்ந்து கத்திட்டேன். அடுத்த பந்துல அவுட். 191. பார்ல வேல பாக்கற மண்டியா பையன் வந்து என் தோள்ல கை போட்டு ஒரு கிளாஸ் குடுத்தான், ஒண்ணும் பேசல.

மாம்பழ ஏல் பத்தி ரெண்டு கட்சி. "இனிப்பே இல்லயே"ன்னு ஒரு பக்கம், "இப்பத்தான்பா ஒழுங்கான மாம்பழ பீர்"னு இன்னொரு பக்கம். ரெண்டாவது கட்சி சின்னது, ஆனா அவங்கதான் மூணாவது கிளாஸ் கேட்டாங்க. எனக்கு அது போதும்.

மே 26, ஞாயிறு

மாமா வந்துட்டாரு. அத்தைகிட்ட எலக்ட்ரானிக் சிட்டில யாரையோ பாக்கணும்னு சொல்லிட்டு. மெனுல பைண்ட் விலையப் பாத்து, "ஒரு கூடை மாங்காய்க்கு மண்டில இவ்வளவுதாண்டா குடுக்கறான்"னாரு, இந்த வருஷம் வெயில்ல பூ உதிர்ந்து காய்ப்பே கம்மி வேற. ஸ்டாஃப் தள்ளுபடில ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். மோந்து பாத்தாரு, ஒரு வாய் குடிச்சாரு, வாய்க்குள்ளயே வெச்சிருந்தாரு.

"அல்போன்சாவும் கலந்திருக்கணுமே?"

ஆமா மாமா, கலந்திருக்கோம்னேன். தலையாட்டிட்டு, அடுத்த வருஷம் தோட்டத்துலேர்ந்தே நேரா எடுத்தா கிலோவுக்கு என்ன குடுப்பீங்கன்னு ஆரம்பிச்சிட்டாரு, நான் ஹெட் ப்ரூவரக் கூட்டிட்டு வந்து விட்டுட்டேன். ஒருத்தருக்கு தமிழ் பாதி, இன்னொருத்தருக்கு கன்னடம் பாதி, கூழு வேண்டாம் பழமா தர்றேங்கறாரு இவரு, பழம் வேண்டாம் கூழாக் குடுங்கங்கறாரு அவரு, பேச்சு முடியறதுக்குள்ள எனக்கு டேங்க் கழுவற நேரம் வந்துடுச்சு. நாளைக்கு ஸ்டவுட், கறுப்பு பீர். அதுல போட சிக்மகளூர் காப்பிக்கொட்டை வந்து கெடக்கு, ராத்திரியே பச்சத்தண்ணில ஊறப்போடணும்.