நான்கு மணிக்கு முடியும் பகல்: பிராக் நாட்குறிப்பு

டிசம்பர் 4

பழைய நகரச் சதுக்கத்தை அடைந்தபோது மணி மூன்றே முக்கால். 1410ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வானியல் கடிகாரத்தின் கீழே கூடியிருந்தவர்கள், எலும்புக்கூடு மணியடிப்பதையும் மேலே இரு சாளரங்களில் பன்னிரண்டு திருத்தூதர்கள் தோன்றி மறைவதையும் படமெடுக்கக் காத்திருந்தனர். பொன்சேவல் கூவியதும் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கோ முகப்பின் வெளிவளையமே பெரிய வியப்பு. இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதியான பொகீமியாவின் பழைய முறைப்படி, ஒரு சூரிய மறைவிலிருந்து அடுத்த மறைவு வரையிலான 24 மணிகளை அது காட்டுகிறது. மறையும் நேரம் பருவந்தோறும் மாறுவதால் வளையமும் ஆண்டு முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணும் நம் பஞ்சாங்கத்துக்கு இது நேர்மாறான கணக்கு. நான்கு மணி அடித்தபோது பொன்முள் 24ஐ ஒட்டி நின்றது. தெருவிளக்குகளும் எரியத் தொடங்கியிருந்தன.

கடிகாரக் கோபுரத்தின் அருகே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. பொகீமியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச மரபை எதிர்த்துத் தோற்ற 27 பேர் 1621 ஜூன் 21 அன்று இங்கே கொல்லப்பட்டார்கள். கிறிஸ்துமஸ் சந்தைக்கு விரைபவர்கள் அவற்றின் மீதே நடந்து போகிறார்கள். ஐந்து நிமிடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் நடந்திருப்பேன்.

டிசம்பர் 5

பின்காஸ் யூத ஆலயத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட பொகீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. 1950களில் எழுதப்பட்டவை பொதுவுடைமை ஆட்சிக்காலத்தில் அழிந்துபோக, 1990களில் மீண்டும் எழுதினார்களாம். ஒரு சுவரைக்கூட முழுமையாகப் படிக்க என்னால் முடியவில்லை.

சிறிது தொலைவில், ஆற்றங்கரையில், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் பயின்ற பல்கலைக்கழகம் அது. 1968இல் சோவியத் படைகள் நுழைந்த பின் அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது என்ற நினைப்பில், உள்ளே வேலை எதுவும் இல்லாமலேயே வாசலில் சற்று நேரம் நின்றேன்.

இன்று புனித நிக்கலஸ் திருநாளின் முன்மாலை; நிக்கலஸ், தேவதை, பிசாசு வேடமிட்டவர்கள் தெருவில் குழந்தைகளைச் சந்திக்கும் நாள். சார்லஸ் பாலத்தில், சங்கிலியைக் குலுக்கி வந்த பிசாசு வேடக்காரரைக் கண்டு ஒரு குழந்தை அலறியது; உடன் வந்த தேவதை மிட்டாய் தந்த பிறகே அடங்கியது.

டிசம்பர் 6

1344இல் தொடங்கி 1929இல்தான் நிறைவுற்ற புனித விதுஸ் பேராலயத்தைக் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே மூடிவிடுகிறார்கள். பேராலயம் அமைந்துள்ள கோட்டையின் நுழைவு வரிசையில் நேரத்தைத் தொலைத்துவிட்டதால், செக் ஓவியர் அல்போன்ஸ் மூகா வடிவமைத்த வண்ணச் சாளரத்தின் முன் நான் நின்றபோது வெளியே ஒளி வடிந்திருந்தது. நடுவில் சிறுவனாக நிற்கும், செக் நாட்டின் காவல் புனிதரான வாக்லாவின் சிவப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நாளை கதவு திறக்கும்போதே வந்துவிட வேண்டும்.