இதுவரை சரி

எங்கள் கணித சேர் காலமானார் என்ற செய்தி வந்த அன்று இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று இரண்டு வருடமாகக் கேட்டவர்களுக்கு இப்போதுதான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் தேவாரம் முடிய மேல்மாடியில் சேரின் பிரயோக கணித வகுப்பு. என் உயர்தரப் பெறுபேறு வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நாலு பாடத்தில் அது மட்டும் எஃப், சித்தியில்லை. ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தவன், ஒரு கிழமையாகப் படலை தாண்டவில்லை. எட்டாம் நாள் சேர் வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். எஃப் பற்றி ஒரு கதையும் இல்லை. எறியக் கணக்கு ஒன்றை எழுதித் தந்து, "நாளைக்குச் செய்துகொண்டு வா" என்றார், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத போர்க்காலம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயைத் துளி துளியாகப் பாவித்தோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தால் விடிய மூக்குக்குள் கரி. கணக்குப் பிழைத்தால் சேர் வெட்டமாட்டார். பிழைக்கத் தொடங்கிய வரிக்கு மேலே சிவப்பு மையில் மெல்லிய கோடு, பக்கத்தில் "இதுவரை சரி". அந்த இரண்டு சொல்லுக்காகவே இன்னொரு இரவு விழித்திருந்தேன்.

1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு. நாவற்குழிப் பாலத்தால் ஊரே நடந்தது. கொடிகாமத்தில் மாமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். சோதனை நடக்குமா, நாங்கள் இருப்போமா, ஒன்றும் தெரியாது. அங்கேயும் சேர் விசாரித்து விசாரித்துச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நனைந்த பைக்குள்ளிருந்து ஒரு கொப்பி ஒற்றையை எடுத்து, "நாளைக்கு" என்றார். நாளை என்று ஒன்று உண்டென்று அந்த மாதம் என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஊர் திரும்பி எழுதினேன். சித்தியடைந்தேன். பேராதனை விஞ்ஞான பீடமும் கிடைத்தது. ஆனால் வீட்டில் பயம். அண்ணா காசு அனுப்பினார். இராணுவத்திடம் பாஸ் எடுத்துத் திருகோணமலைக்குக் கப்பலேறினேன், அப்புறம் கொழும்பு, பிறகு இங்கே. சேரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

2011இல் ஊருக்குப் போனபோது அவர் வீட்டு ஒழுங்கை மட்டும் போனேன். மதிலில் அந்தச் சைக்கிள் சாத்தியிருந்தது. திரும்பிவிட்டேன். உள்ளே போயிருந்தால் ஏசியிருக்கமாட்டார், தேத்தண்ணி தந்திருப்பார்.

கொடிகாமத்து ஒற்றை இன்னும் என்னிடம் இருக்கிறது. மழையில் ஊறி மை பரவியிருந்தாலும் "இதுவரை சரி" வாசிக்க முடிகிறது. அதற்குக் கீழே அரைப் பக்கம் நான் எழுதாமல் விட்டது.