எட்டு ஒலிகளுக்குள் ஓர் ஓபரா

1994-இல் சூப்பர் ஃபாமிகாம் வீடியோ கேம் கருவிக்காக வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 6’ விளையாட்டில் வரும் ஓபரா என்னும் இசை நாடகக் காட்சியை நேற்றிரவு ஹெட்ஃபோனில் மீண்டும் கேட்டேன். இசையமைத்தவர் நோபுவோ உயெமாட்சு. முறையாகப் பயிலாமல் தாமே இசை கற்றவர். அக்கருவியின் ஒலிச் சில்லில் ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள்தாம் எழும். வாத்திய ஒலிகள் அனைத்தும் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால், ஒரு பாடகியின் முழுப் பாடலைப் பதிந்து வைக்க அதில் இடமே கிடையாது. ஆகவே கதைநாயகிகளுள் ஒருத்தியான செலஸ் மேடையேறிப் பாடும்போது நம் காதில் விழுவது சொற்களற்ற, சற்றே நடுங்கும் செயற்கை ஒலிதான். பாடல் வரிகள் திரையில் எழுத்துகளாகத் தோன்ற, அடுத்த வரி எது என்பதை நாமே நினைவிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். (முதல் முறை நான் பாதியிலேயே தடுமாறிவிட்டேன்.)

2022-இல் வந்த மறுபதிப்பில் உண்மையான பாடகர்களே பாடியிருக்கிறார்கள். நேர்த்தியில் குறையொன்றும் இல்லை. இருந்தாலும் எனக்கு நெருக்கமானது பழைய ஒலியே. பூச்செண்டுடன் மாடத்துக்குப் படியேறும் அந்தச் சின்னஞ்சிறு உருவத்துக்கு என் மனமே ஒரு குரலைக் கொடுத்து வைத்திருந்தது. புதிய பாடகியின் குரல் அதுவாக இல்லை.