ரெட்டினோயிட் கிறீமும் வன்னி வெயிலும்

முகப்பருவுக்கு ரெட்டினோயிட் பூசத் தொடங்குகிறவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது பருவின் மேல் பூசுகிற மருந்து இல்லை. எழும்பிய பருவைத் தேடிப் பிடித்து அதன் தலையில் பொட்டு வைக்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. பற்பசை, சந்தனம், மஞ்சள், தேசிக்காய்ப் புளி என்று வைத்துப் பழகிய கை. இந்த மருந்தோ இன்னும் வெளியே தெரியாத பருக்களுக்கானது. ஆகவே பரு இருக்கிற இடம், இல்லாத இடம் என்று பாராமல் முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். இது விளங்கினால் பிறகு வருகிற எரிச்சல், தோல் உரிதல், ஊராரின் விசாரணை எல்லாவற்றையும் ஒருமாதிரித் தாங்கிக்கொள்ளலாம்.

நான் வன்னியில் மல்லாவிப் பக்கம். துணுக்காய்க் கிராமங்களில் பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்குப் பார்க்கிற வேலை. பகலில் பாதி ஸ்கூட்டியில் போகும், மீதி யாராவது வீட்டு வேப்பமரத்தின் கீழ். பள்ளிக்கூடக் காலத்தில் வந்த பரு, இருபத்தைந்து தாண்டியும் போகவில்லை. கலியாணம் கட்டினால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பல்லு வலியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அதுதான் வைத்தியம்.

உண்மையில் எனக்குப் பருவை விட அது விட்டுப்போகும் கறுப்புத்தான் பெரிய கவலை. பரு ஒரு கிழமையில் அடங்கிவிடும். அந்த இடத்துக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும், அதுவும் எங்களைப் போன்ற மாநிறத் தோலில், வெயிலில் திரிகிற முகத்தில். ஒன்று மங்குவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்துவிடும்.

இதற்கு எங்கள் பக்கத்தில் கெதியாகக் கிடைக்கிற பதில், அழகு சாதனக் கடைகளில் சின்ன டப்பாவில் விற்கிற பெயர் தெரியாத ‘நைட் கிறீம்’. என்னோடு வேலை செய்கிற ஒருவர் அதைத்தான் பூசினார். இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று ஆனது, பரு ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லோரும் கடை எது என்று கேட்டோம். சில மாதத்தில் கன்னம் சிவந்து, வெயில் பட்டால் எரிந்து, கிறீமை விட்ட கிழமையே முகம் நிறையப் பொடிப் பொடியாகப் பரு கிளம்பியது. இப்படியான கிறீம்களில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது உண்டு, சிலவற்றில் பாதரசமும் இருக்கும். ஸ்டீரொயிட் முதலில் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கிவிடும், பிறகு தோலை மெல்லிசாக்கி அதுவே பருவைக் கொண்டுவரும். அவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வவுனியாவில் ஒரு தோல் வைத்திய நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, காட்டினேன். போகவர ஒரு நாள் லீவு, பஸ்சில் மாங்குளம் வரைக்கும் நின்ற நிலை. ஆனால் அந்தக் காசும் நாளும் வீண் போகவில்லை.

டொக்ரர் என் முகத்தை லைற் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி பருவைப் பற்றியது இல்லை.

“கலியாணம் முடிச்சிட்டீங்களோ?”

“இல்லை டொக்ரர். பேசியிருக்கினம்.”

“நாள் வைச்சதும் வந்து சொல்லுங்கோ. பிள்ளைக்கு ஆயத்தப்படுத்தேக்க இதைப் பூசக்கூடாது.”

ரெட்டினோயிட்கள் விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. கர்ப்பமாக இருக்கிறவர்களும், கர்ப்பம் தரிக்க நினைக்கிறவர்களும் இந்தக் கிறீம்களைத் தவிர்க்க வேண்டும். இதே குடும்பத்தில் ஐசோட்ரெட்டினோயின் என்று குளிசையும் இருக்கிறது, கடும் பருவுக்குக் கொடுப்பது. அது வயிற்றுப் பிள்ளைக்குப் பாரதூரமான குறைபாடுகளை உண்டாக்கும் என்பதால் அதன் கட்டுப்பாடுகள் இன்னும் இறுக்கம். யாரோ தந்த குளிசையை வாங்கிப் போடுகிற பழக்கம் உள்ள ஊரில் இதை இரண்டு தரம் சொன்னாலும் பிழையில்லை.

பிறகு ஒரு துண்டில் படம் கீறி விளங்கப்படுத்தினார். முடி முளைக்கிற துளையின் உட்பக்கத்தில் பழைய தோல் கலங்கள் உதிர்ந்து வெளியே வர வேண்டும். சிலருக்கு அவை ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைத்துவிடும். அந்த அடைப்புக் கண்ணுக்குத் தெரியாது. அது பருவாகி மேலே வரக் கிழமைக்கணக்கு எடுக்கும். ரெட்டினோயிட் அந்தக் கலங்கள் ஒழுங்காக உதிரப் பண்ணி, அடைப்பு உண்டாவதையே தடுக்கிறது, வீக்கத்தையும் குறைக்கிறது. இன்றைக்குப் பூசினால் நாளைக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது அதனால்தான். பலன் பார்க்க எட்டு முதல் பன்னிரண்டு கிழமை பொறுக்கச் சொன்னார்.

எனக்கு எழுதியது அடாபலீன் என்கிற ரெட்டினோயிட், 0.1% ஜெல், இரவுக்கு. காலையில் முகம் கழுவ பென்சோயில் பெரொக்சைட் என்ற இன்னொரு பரு மருந்து கலந்த வோஷ். ட்ரெட்டினோயின்தான் இந்த வகையில் பழையது. ஆனால் அதில் எரிச்சல் அதிகம், வெளிச்சத்தில் சிதைந்துவிடும், பென்சோயில் பெரொக்சைட்டோடும் சேராது. அடாபலீன் இந்த இரண்டுக்கும் நின்று பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா ரியூப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உதெல்லாம் இப்ப வந்த கெமிக்கல், நாங்கள் உதுகளைப் பூசியே வளர்ந்தனாங்கள்?” என்றார். ட்ரெட்டினோயினை அமெரிக்காவில் பருவுக்கென்று அனுமதித்தது 1971 இல், அம்மா பிறந்ததும் அதே வருசம். அடாபலீனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1996 இல், 2016 முதல் 0.1% ஜெல்லை டொக்ரரின் துண்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். இதைச் சொன்ன பிறகு அம்மா மருந்தை விட்டுவிட்டு என் சாப்பாட்டைக் குறை சொல்லத் தொடங்கினார்.

நான் பூசிய முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எல்லாம் இதில்தான் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து, வாசனையில்லாத மென்மையான வோஷால் முகம் கழுவி, துவாயால் ஒற்றி எடுப்பேன். உரசித் துடைக்கக் கூடாது. பிறகு அரை மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டும், ஈரத்தோலில் பூசினால் எரிச்சல் கூடும். அந்த நேரத்தில் அடுத்த நாள் குழுக்களின் கொப்பிகளை அடுக்கி வைப்பேன். அப்புறம் மூக்கு மடிப்பு, வாயின் இரண்டு ஓரம், கண்ணின் கீழ் இந்த மூன்று இடத்திலும் மெல்லிசாக வசலின். மருந்து வழிந்துபோய்ச் சேர்ந்து புண்ணாக்குகிற மூலைகள் இவைதான். அதன் மேல் முகம் முழுக்க மொயிஸ்சரைசர். பிறகு ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து, நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒவ்வொன்று, நாடியில் ஒன்று என்று புள்ளி வைத்து, அவை ஒன்றோடொன்று சேரும்வரை பரவ விடுவேன். அந்தப் பட்டாணி முகம் முழுக்கப் போதும். கூடப் பூசினால் பரு கெதியாகப் போகாது, தோல்தான் கெதியாகப் போகும். கடைசியில் இன்னொரு தரம் மொயிஸ்சரைசர். இப்படி இரண்டு மொயிஸ்சரைசருக்கு நடுவில் மருந்தை வைப்பதால் தொடக்கத்தில் எரிச்சல் நன்றாகக் குறையும்.

முதலில் இரண்டு நாளைக்கு ஒரு இரவு. தோல் பழகிய பிறகுதான் ஒவ்வொரு இரவும். அதுவரைக்கும் ஸ்கிறப், தேசிக்காய், டொக்ரர் எழுதாத வேறு பரு மருந்து எதுவும் கூடாது. பார்லரில் முகத்துக்கு வக்ஸ் பண்ணுவதும் கூடாது, மருந்து பூசிய தோல் வக்சோடு உரிந்து வந்துவிடும்.

நான் தொடங்கியது கார்த்திகையில், மாரி மழையோடு. இது தற்செயல்தான், ஆனால் யாராவது கேட்டால் அதையே சொல்வேன். எங்கள் பக்கத்தில் வெயில் அடங்கியிருக்கிற காலம் அதுதான்.

முதல் கிழமை ஒன்றும் இல்லை. பிறகு மூக்கோரம் வெள்ளையாக உரியத் தொடங்கியது. சிரித்தால் வாயோரம் இழுத்துக்கொண்டது. மார்கழி முழுக்க, ஒளிந்திருந்த அடைப்பெல்லாம் ஒரேயடியாக மேலே வந்ததுபோல, நாடியிலும் தாடையிலும் முன்பு இல்லாத அளவுக்குப் பரு. டொக்ரர் இதைச் சொல்லித்தான் அனுப்பினார், எல்லோருக்கும் வராது, வந்தால் பயப்பட வேண்டாம், பூசுவதை நிறுத்த வேண்டாம் என்று. ஆனால் சொல்லிக் கேட்பதும் கண்ணாடியில் பார்ப்பதும் ஒன்றா? இந்த இடத்தில்தான் பாதிப்பேர் ரியூப்பை எறிந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதை விடக் கடினம் ஆக்களின் வாய். ஒரு குழுக் கூட்டத்தில் நான் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருக்க, ஒரு மாமி கிட்ட வந்து என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார்.

“என்ன பிள்ளை, முகமெல்லாம் உரியுது? அம்மாள் வருத்தமோ?”

“இல்லை மாமி, மருந்து பூசுறன்.”

“மருந்து பூசினால் மாறவெல்லோ வேணும்? இருந்த வடிவையும் கெடுக்கிறாய். நிப்பாட்டிப்போட்டு வேப்பங்கொழுந்து அரைச்சுப் பூசு.”

சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கூட்டம் அன்றைக்குக் கடனைப் பற்றிப் பேசியதை விட என் முகத்தைப் பற்றித்தான் கூடப் பேசியது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதனால் கோபிக்கவும் முடியாது. பிறகு யார் கேட்டாலும் “டொக்ரரின்ர மருந்து, மூன்று மாதம் எடுக்குமாம்” என்று ஒரே பதில். வவுனியா, ஸ்பெசலிஸ்ற் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தால் கொஞ்சம் அடங்குவார்கள்.

எரிச்சல் கூடின நாட்களில் ஓரிரு இரவு விட்டுவிட்டு, வெறும் மொயிஸ்சரைசரோடு படுத்தேன். அதற்கும் டொக்ரரின் அனுமதி இருந்தது. உரிகிற இடத்துக்குத் தேங்காயெண்ணெய் வைக்க அம்மா ஒற்றைக்காலில் நின்றார், நான் விடவில்லை. தேங்காயெண்ணெய் துளையை அடைக்கக்கூடியது. தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு வழிந்தாலே முடியோரத்தில் பரு வரும். எண்ணெய் வைப்பதைக் குளிக்கப் போகுமுன் என்று மாற்றிக்கொண்டேன். ஹெல்மெட்டின் நாடிப் பட்டியும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. உரசலும் வியர்வையும் சேர்ந்து சரியாக அந்தக் கோட்டிலேயே பரு. பட்டிக்கு ஒரு பருத்தித் துணியுறை தைத்துப் போட்டு, அதை அடிக்கடி கழுவினேன்.

தண்ணீரும் ஒரு விசயம். எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற தண்ணி. சவர்க்காரம் நுரைக்காது, கழுவிய பிறகும் முகத்தில் ஒரு பிசுக்கு நிற்கும். குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணியில் ஒரு கோப்பை எடுத்துக் கடைசியாக முகம் அலசினேன். அம்மாவுக்கு அது ஊதாரித்தனம். எனக்கு உரிதல் குறைந்தது.

பென்சோயில் பெரொக்சைட்டைப் பற்றி யாரும் எச்சரிக்காத ஒன்று: அது துணியின் சாயத்தை எடுத்துவிடும். என் நாவல் நிறத் துவாய் முகம் துடைக்கிற பக்கமெல்லாம் செம்மஞ்சளாய் வெளிறி, மழையில் நனைந்த சுவர்போல ஆகிவிட்டது. பிறகு வெள்ளைத் துவாய், வெள்ளைத் தலையணை உறை. ரியூப்பைத் தகரக்கூரைச் சூட்டிலோ ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழோ வைக்கவும் கூடாது. அலுமாரியின் அடித்தட்டுத்தான் எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம்.

மாசி பிறந்தபோது ஒரு நாள் சும்மா முகம் கழுவுகையில் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பரு இருந்தது, ஆனால் முன்பு தோலுக்குக் கீழே மணல்போல் தட்டுப்பட்ட அந்தக் குறுணிகள் இல்லை. பங்குனியில் புதிதாக வருவது மாதவிடாய்க்கு முன் ஓரிரண்டு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

அதற்குள் வெயில் வந்துவிட்டது. ரெட்டினோயிட் பூசுகிற தோல் வெயிலுக்கு அதிகம் கூசும், கறுப்பு மங்குவதும் வெயிலைத் தடுத்தால்தான். சன்ஸ்கிறீன் எஸ்பிஎப் 30க்குக் குறையாதது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் பூச வேண்டும் என்கிறார்கள். வெளிக்கள வேலையில் அது நடக்கிற காரியமில்லை. காலையில் ஒருதரம், மத்தியானம் சாப்பிட முன் முகம் கழுவி ஒருதரம், மிச்சத்துக்கு ஹெல்மெட் கண்ணாடி, சால்வை, நிழல். மருந்து ரியூப் மாதக்கணக்கில் வரும், சன்ஸ்கிறீன்தான் காசைக் கரைக்கும். அதற்குக் காசு இல்லாத மாதம் குடையும் தொப்பியும்தான். அவை மோசமும் இல்லை.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போனோம். அந்த மணலில், அந்தச் சனத்துக்குள், சன்ஸ்கிறீன் வியர்வையோடு கண்ணுக்குள் வழிந்து எரித்தது வேறு கதை. திருநீறு தோலை இன்னும் காய வைக்கும் என்பதால் நெற்றி முழுக்கப் பூசாமல் ஒரு கீறு மட்டும். சந்தனமும் எரித்தது, ஆகவே அது கழுத்தில். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார். ஆனி, ஆடியில் சோளகக் காற்று வறட்டியெடுக்க உரிதல் திரும்ப வந்தது. அந்தக் காலத்துக்கு மட்டும் மறுபடியும் ஒன்றுவிட்டு ஒரு இரவு.

இப்போது கன்னத்துக் கறுப்பில் பழையவை மங்கலாகத் தெரியும், புதிதாக இல்லை. இடது தாடையில் மூன்று நான்கு குழிகள் உண்டு, பள்ளிக்கூடக் காலத்தில் நசித்ததன் மிச்சம். அவ்வளவு ஆழமானவற்றை இந்த ஜெல் நிரப்பாது என்று டொக்ரர் நேரடியாகவே சொல்லிவிட்டார், அதற்கு வேறு சிகிச்சை, வேறு காசு. பரு போய்விட்டதென்று மருந்தை விட்டால் அடைப்புத் திரும்பத் தொடங்கும் என்பதால் பூசுவது நிற்கவில்லை.

தை மாதத்துக்குக் கலியாண நாள் வைத்தாயிற்று. போன கிழமை வவுனியாவுக்குப் போய்ச் சொன்னேன். கலியாணத்தோடு அடாபலீனை நிறுத்தி, கர்ப்ப காலத்திலும் பூசக்கூடிய அசெலாயிக் அசிட்டுக்கு மாற எழுதித் தந்திருக்கிறார். மல்லாவிப் பாமசியில் அது இல்லை, சொல்லி எடுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.